கீழக்கரைத் தூண்களும் அரண்மனைச் சுவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையிலிருந்து வரும் சுற்றுலா வண்டிகளை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம். ராமநாதபுரத்தில் நிறுத்தி டீ குடிப்பார்கள். பிறகு நேரே ராமேசுவரம். தெற்கே திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரைக்குப் போகும் சாலையில் அவர்கள் திரும்புவதே இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க எனக்கு இந்த ஆதங்கம்தான். வருடம் தவறாமல் பிள்ளைகளை அந்தச் சாலையில் கூட்டிப்போவேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடைதான். ஒரு ஊரை நடந்துதான் பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள், காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.

கீழக்கரையில் முதலில் பழைய ஜும்மா பள்ளிவாசல். தொழுகை இல்லாத நேரமாகப் போய், அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு பாருங்கள். முழுக்கக் கல்லால் ஆன கட்டடம். வரிசை வரிசையாகக் கல்தூண்கள். நம் கோயில் மண்டபங்களில் பார்க்கிற அதே திராவிடப் பாணி. ஆனால் யாளி இல்லை, தெய்வ உருவம் இல்லை. பூவும் கொடியும் மட்டும்தான். முதல் தடவை நான் போனபோது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து ஒரு தூணில் வைத்தார். "கண்ணால பாக்குறது இருக்கட்டும் சார், தடவிப் பாருங்க" என்றார். ஆள் கை படும் உயரம் வரைக்கும் கல் எண்ணெய் பூசியதுபோல வழவழவென்று இருந்தது. அதற்கு மேலே உளி பட்ட சொரசொரப்பு அப்படியே இருந்தது. எத்தனை தலைமுறை சாய்ந்து உட்கார்ந்த தூண்! பிள்ளைகளை நான் தொட்டுப் பார்க்கச் சொல்வது அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

இந்தப் பள்ளியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் வள்ளல் சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது இயற்பெயர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அவருடைய ஊர் இது. கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தங்கத்துக்குச் சமமாக நெல் விற்ற பஞ்ச காலத்தில் அன்னதானத்தை நிறுத்தாதவர் என்று படிக்காசுப் புலவர் அவரைப் பாடியிருக்கிறார். அந்தப் புலவர் பரிசில் நாடி ஒருமுறை கீழக்கரைக்கு வருகிறார். வந்தால், வள்ளல் காலமாகிவிட்டார். புலவர் அடக்க இடத்துக்குப் போய் அழுது பாடுகிறார். மண்ணுக்குள்ளிருந்து மோதிரம் அணிந்த கை ஒன்று வெளியே நீண்டதாம். நடந்ததா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு முஸ்லிம் வணிகரைப் பற்றி ஊரெல்லாம் இப்படி ஒரு கதையைப் பொத்திப் பாதுகாத்து வைத்திருக்கிறதே, அதைப் பாருங்கள் என்பேன். உமறுப் புலவரை ஆதரித்து சீறாப்புராணம் பாடத் துணைநின்றவரும் அவர்தான்.

அவருக்கும் ராமநாதபுரம் சீமையை ஆண்ட ராஜா கிழவன் சேதுபதிக்கும் இருந்த நட்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிய சேதுபதி அவர். மரைக்காயருக்கு 'விஜய ரகுநாத பெரியதம்பி' என்று பட்டம் கொடுத்தார். ராஜா வாயிலிருந்து 'தம்பி' என்ற சொல்! ராமநாதபுரத்தில் அவருடைய அரண்மனையான ராமலிங்க விலாசத்தைக் கட்டும்போது மரைக்காயர் உதவினார் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். அதனால்தான் சொல்கிறேன், இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். பள்ளித் தூணைத் தடவிய கையோடு வந்து அரண்மனைத் தூண் முன்னால் நில்லுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. ராமலிங்க விலாசத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்கி வந்தேன். இப்போது ஒரு நிமிடம்தான் இருக்கிறது. சுவர் ஓவியங்கள் கிழவன் சேதுபதிக்குப் பின், 1710-க்கு அப்புறம் பட்டத்துக்கு வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. ராமாயணக் காட்சிகள் உண்டு, போர்க்களம் உண்டு, தொப்பி போட்ட ஐரோப்பியர்களுக்கு சேதுபதி காட்சி தரும் படமும் உண்டு. 1798 செப்டம்பரில் கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் சந்தித்ததும் இங்கேதான். திருப்புல்லாணிக் கோயிலைப் பற்றிப் பேச இடமில்லாமல் போயிற்று. போகும் வழியில் இறங்கிப் பாருங்கள். கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை வாங்க மறக்காதீர்கள். தேங்காய்ப்பால் மணத்தோடு சூடாக இருக்கும்போதே வாங்குங்கள். வணக்கம்.