அர்மானி கோட்டிலிருந்து எடுத்தவை

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கோட் இருக்கிறதா? கல்யாண வரவேற்புக்குத் தைத்து அலமாரியில் தொங்குகிறதே, அது போதும். கேட்டுக்கொண்டே எடுத்து வாருங்கள். கடைசிப் பொத்தானுக்குக் கொஞ்சம் கீழே முன்பக்கத்தை இரண்டு கையாலும் கிள்ளிப் பிடித்து, வெளித் துணியையும் உள் துணியையும் பிரித்து இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி நழுவுவது விரலுக்குத் தட்டுப்பட்டால் அது கேன்வாஸ், கோட்டுக்கு உருவம் கொடுக்கிற உள்துணி. அப்படி எதுவும் இல்லாமல் வெளித் துணியே அட்டை மாதிரி விறைத்திருந்தால், பசைத் துணியைச் சூடுபோட்டு ஒட்டியிருக்கிறார்கள். இரண்டும் இல்லை, துணி துணியாகவே துவள்கிறதா? அப்படியானால் அது இத்தாலிய உடை வடிவமைப்பாளர் ஜார்ஜியோ அர்மானி பிரபலமாக்கிய வழியில் வந்த கோட்.

அர்மானி 1934 ஜூலை 11 அன்று இத்தாலியின் பியாசென்சாவில் பிறந்தவர். மிலானில் மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டார். 1957-ல் அதே ஊரில் லா ரினாசென்தே என்ற பெரிய கடையில், கண்ணாடிச் சன்னல்களை அலங்கரிக்கும் வேலை. 1960-களின் நடுவில் உடை தயாரிப்பாளர் நினோ செருத்தி தன் ஆண்கள் உடைப் பிரிவுக்கு அவரை எடுத்துக்கொண்டார். செருத்தி குடும்பத்துக்கு பியெல்லாவில் கம்பளி ஆலை. தையல் பள்ளி வாசலை மிதிக்காத மனிதர், துணியை இங்கேதான் கற்றார். இந்த ஆலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அன்றைய கோட்டின் நெஞ்சுப் பகுதிக்குள் என்னென்ன இருந்தன? வெளித் துணி. அதன் பின்னால் கேன்வாஸ். அதற்குமேல் குதிரைமுடி கலந்து நெய்த விறைப்புத் துணி. அது சட்டையைத் தாண்டிக் குத்தாமல் இருக்க ஒரு கம்பளிப் பட்டை. எல்லாவற்றையும் மூட லைனிங். தோளில் பஞ்சுப் பட்டை. கேன்வாஸை முதலில் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுத்தான் வெட்ட வேண்டும். அவசரத்தில் நனைக்காமல் வைத்துவிட்டால், பிறகு ஈரம் பட்டதும் அது மட்டும் சுருங்கி நெஞ்சில் சுருக்கம் விழும். ஒட்டுத் துணிக்கு வேறு நோய்: சலவையில் பசை விட்டுப்போய்க் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். சரியாகத் தைத்தாலோ, ஆள் இல்லாமலே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் கோட்.

அர்மானி இவற்றை எடுத்தார். கேன்வாஸை எடுத்தார், லைனிங்கை எடுத்தார், தோள் பட்டையை எடுத்தார் அல்லது மெலிதாக்கினார். பொத்தான்களைக் கீழே இறக்கினார், கழுத்துப் பட்டையை நீளமாக்கினார். கோட் உடம்பின்மேல் சட்டை மாதிரி விழுந்தது.

எடுத்துவிடுவது எளிது என்று தோன்றும். இல்லவே இல்லை. ஒரு சாதாரணக் கோட்டில் கேன்வாஸை உருவிப் பாருங்கள்: முன்பக்கம் தொங்கும், பை வாய் பிளக்கும், கழுத்துப் பட்டை சுருளும். கோட்டின் கையை எடுத்துக்கொள்ளுங்கள். கையின் தலைப்பகுதிச் சுற்றளவு தோள் குழியைவிடக் கூடுதலாகத்தான் வெட்டப்படும், கையைத் தூக்க வேண்டுமே. அந்தக் கூடுதலைத் தையலுக்குள் பரவலாக ஒடுக்க வேண்டும். ஒடுக்கியதில் பிசகு இருந்தால் தோள் பட்டை மறைத்துவிடும். பட்டையே இல்லாத தோளில் ஒவ்வொரு சுருக்கமும் வெளியே தெரியும். லைனிங் இல்லாததால் உள் தையல்களின் விளிம்பையும் பட்டி வைத்துச் சுத்தமாக முடித்தாக வேண்டும்.

இங்கேதான் அந்தக் கம்பளி ஆலை வருகிறது. உள்ளே தாங்க எதுவும் இல்லையென்றால் துணிதான் தாங்க வேண்டும். மீட்டருக்கு 400 கிராமுக்கு மேல் எடையுள்ள பழைய சூட் துணி இதற்கு ஆகாது. அதைவிட லேசான, கொஞ்சம் கனத்தோடு வழிந்து விழுகிற கிரேப், லினன், விஸ்கோஸ் கலந்த துணிகள் வேண்டும். பெண்கள் உடைக்கென்று ஒதுக்கிய துணிகளை அவர் ஆண்கள் கோட்டுக்கு எடுத்தது இதனால்தான். முதலில் துணி, அப்புறம்தான் வெட்டு. திரும்பவும் சொல்கிறேன், துணிதான் முதலில்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெத்தென்ற கோட்டை முதலில் தைத்தவர் அர்மானி அல்ல. நேப்பிள்ஸில் ருபினாச்சி கடைக்காக வின்சென்சோ அத்தோலினி 1930-களிலேயே இப்படித் தைத்தார். ஆனால் அது அளவெடுத்துக் கையால் தைப்பது. அதைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் தைத்து, கடைக்கு வந்தவர் மாட்டிக்கொண்டு போகும்படி செய்ததுதான் அர்மானியின் சாதனை. என் கணக்கில் அது பெரிய சாதனை.

1975-ல் செர்ஜியோ கலெயோத்தியோடு சேர்ந்து மிலானில் சொந்த நிறுவனம். முதலுக்காக வோக்ஸ்வாகன் காரை விற்றார். 1980-ல் ‘அமெரிக்கன் ஜிகோலோ’ படத்தில் ரிச்சர்ட் கியர் கட்டில்மேல் கோட், சட்டை, டை எல்லாவற்றையும் பரப்பிப் பொருத்திப் பார்க்கும் காட்சி வருகிறது. அந்தக் கோட்டுகளில் விறைப்பே இல்லை, படுக்கை விரிப்பு மாதிரி கிடக்கும். அமெரிக்கா அதைப் பார்த்துத்தான் அர்மானியைத் தெரிந்துகொண்டது. 1982-ல் டைம் இதழின் அட்டையில் அவர் படம்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது. பெண்கள் கோட்டைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அலுவலகம் போகும் பெண்களுக்கு அதே மெத்தென்ற கோட்டை அவர் கொடுத்தார் என்பதோடு விடுகிறேன். 1985-ல் கலெயோத்தி இறந்தார். கணக்கு வழக்கைப் பார்த்தவர் அவர்தான், மூடிவிடுவார்கள் என்று பலர் நினைத்தார்கள். அர்மானி வியாபாரத்தையும் தானே எடுத்துக்கொண்டு நடத்தினார். 2020 பிப்ரவரியில் கொரோனா பரவியதும், மிலானில் பார்வையாளர் இல்லாத அரங்கில் அணிவகுப்பை நடத்தி இணையத்தில் காட்டினார். 2025 செப்டம்பர் 4 அன்று, 91 வயதில் காலமானார். அதே மாதம் மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில், பழைய இத்தாலிய ஓவியங்களுக்கு நடுவே அவருடைய உடைகளை வைத்துக் கண்காட்சி திறந்தார்கள். அவர் இருக்கும்போதே திட்டமிட்ட கண்காட்சி அது.

வணக்கம்.