பார்க்காமலே அளந்த குச்சி

வணக்கம். இன்றைக்கு ஒரு குச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நீளம் 300 நானோமீட்டர், குறுக்களவு 18 நானோமீட்டர். மூவாயிரம் குச்சிகளை நீளவாக்கில் அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் வராது. புகையிலைச் செடியில் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ்தான் அது.

1935இல் அமெரிக்காவில் வெண்டல் ஸ்டான்லி என்ற வேதியியலாளர் இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இதன் உருவம் தெரிந்தது 1939இல், ஜெர்மனியில். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே இது குச்சி வடிவம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு வடிகட்டிகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, நடுவே வைரஸ் கலந்த நீரை வைத்தார்கள். அசையாமல் இருந்தால் ஒரே இருட்டு. கலக்கிவிட்டால் பளிச்சென்று ஒளிக்கோடுகள். வாய்க்காலில் வைக்கோல் துரும்பு விழுந்தால் நீரோட்டத்தின் போக்கில் திரும்பிக்கொள்ளும் இல்லையா, அதே கதைதான்: குச்சிகள் ஒரே பக்கம் திரும்பினால் ஒளி கடந்து வருகிறது. உருண்டையாக இருந்தால் இந்த வித்தை நடக்காது.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். 2130 புரதத் துண்டுகள், வைரஸின் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழையைச் சுற்றி அடுக்கியிருப்பதுதான் இந்தக் குச்சி. சாதாரண நீரில் அதன் மேல் எதிர் மின்னூட்டம் இருக்கும். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். அமிலம் சேர்த்து பி.எச். அளவை 3.5க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நிகர மின்னூட்டம் பூஜ்யமாகிவிடும். அப்புறம் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் தங்கும்.

மின்புலம் கொடுத்தால் என்ன ஆகும்? குச்சி நேர்மின்வாய்ப் பக்கம் நகரும். இதைப் பலரும் ஊகித்துவிடுவார்கள். ஆனால் குச்சி நகர்வது மட்டுமல்ல, திசையும் திரும்பும். அதற்குக் காரணம் குச்சியின் சொந்த மின்னூட்டம் அல்ல. அதைச் சுற்றி நீரில் மொய்த்துக்கொண்டிருக்கும் நேர் அயனிகள் ஒரு முனைப் பக்கமாக ஒதுங்குகின்றன. அந்த ஏற்றத்தாழ்வுதான் குச்சியை மின்புலத்தின் திசைக்குத் திருப்புகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த இடம் இது.

தொல்லை ஒன்று உண்டு. மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருந்தால் கரைசல் சூடாகிவிடும். அதனால் 1950இல் ஓ'கான்ஸ்கி, ஸிம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கணம் மட்டும் மின்துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். குச்சிகள் வரிசைக்கு வந்தன, குறுக்காக வைத்த வடிகட்டிகளின் வழியே ஒளி தெரிந்தது. துடிப்பு நின்றதும் நீர் மூலக்கூறுகள் முட்டி மோதி வரிசையைக் கலைத்தன, ஒளி மங்கியது. மங்குவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அரை மில்லிவினாடி.

அந்த நேரத்தில்தான் குச்சியின் நீளம் ஒளிந்திருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் நேரம் கிட்டத்தட்ட எட்டு மடங்காகும். ஒளி சட்டென்று மங்காமல் வால் பிடித்தாற்போல் இழுத்துக்கொண்டே போனால், சில குச்சிகள் முனையோடு முனை ஒட்டி நீண்டுவிட்டன என்று அர்த்தம். அளவுக்கு மீறிச் சீக்கிரம் மங்கினால், கரைசலைத் தயாரித்தவர் எங்கோ முரட்டுத்தனமாகக் குலுக்கி உடைத்துவிட்டார்.