ஆப் 1.4 மீட்டர் என்கிறது, அப்பா வேண்டாம் என்கிறார்

சரி, அடுத்த கேள்வி. குமரி மாவட்டத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். “அண்ணே, நான் அப்பாவோடு ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறேன். மே மாதம் ஒரு நாள் காற்றே இல்லை, வானமும் தெளிவு. போனில் அலை உயரம் 1.4 மீட்டர் என்று போட்டிருந்தது. அப்பா கரையில் நின்று கடல் திரையை, அதாவது அலையை, கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு இன்றைக்கு வேண்டாம் என்றார். நான்தான் பிடிவாதம் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே கடல் குளம் மாதிரி கிடந்தது. திரும்பி வரும்போது முகத்துவாரத்தில் படகு கவிழப் பார்த்தது. வலை போய்விட்டது, ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆப் பொய் சொல்கிறதா?”

ஆளுக்கு ஒன்றும் இல்லை என்கிறீர்களே, அது போதும். ஆப் பொய் சொல்லவில்லை தம்பி. உயரத்துக்குப் பக்கத்திலேயே விநாடியில் இன்னோர் எண் இருந்திருக்கும். அதை நீங்கள் பார்க்கவில்லை. அப்பா கரையில் நின்று எண்ணியது அந்த எண்ணைத்தான்.

ஒரு திரையின் உச்சி கடந்து போய் அடுத்த உச்சி வர எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் அது. பக்கத்தில் வீசுகிற காற்று கிளப்பும் அலை என்றால் 5, 6, 7 விநாடி இருக்கும். பருவக்காற்று ஓங்கி அடிக்கும்போது 10 பக்கம் போகும். 16, 18 என்று காட்டினால் அது நம் ஊர் அலையே இல்லை, தென்துருவப் பக்கம் பிறந்தது. தென் அரைக்கோளத்தில் 40, 50 பாகை அட்சரேகையில் கடல் ஏறக்குறைய நிலமே குறுக்கிடாமல் உலகத்தைச் சுற்றிக் கிடக்கிறது. மாலுமிகள் ரோரிங் ஃபார்ட்டீஸ் என்று சொல்வது அந்தப் பகுதியைத்தான். அங்கே ஒரு புயல் இரண்டு மூன்று நாள் ஒரே திசையில் தள்ளினால் அதன் அலை வடக்கே கிளம்பி, வழியில் ஒரு மேடும் இல்லாமல், நேராக நம் தென்மேற்குக் கரையில்தான் வந்து மோதும். 50 பாகையிலிருந்து குமரிக்குச் சுமார் 6,400 கிலோமீட்டர். 18 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், ஆக ஐந்து நாளுக்குக் கொஞ்சம் மேல். புயல் அங்கே செத்துப் போயிருக்கும், அலை இங்கே வந்து சேரும். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். காற்று, மேகம் என்று ஓர் அடையாளமும் காட்டாமல் திருடன் மாதிரி வருவதால் கரைக்காரர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோவே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. (சுனாமி வருகிறது என்று அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவர் கிளப்பிவிடுவார். சுனாமி நில அதிர்வால் வருவது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே பல நிமிடம் போகும். இது வேறு.)

அப்படியானால் வெளியே ஏன் குளம் மாதிரி கிடந்தது? 18 விநாடி அலைக்கு ஆழ்கடலில் உச்சிக்கும் உச்சிக்கும் நடுவே அரை கிலோமீட்டர் இடைவெளி. அந்த அரை கிலோமீட்டருக்குள் 1.4 மீட்டர் ஏறி இறங்குவது உங்கள் படகுக்குத் தெரியவே தெரியாது. எனக்கே ஒரு முறை அப்படித்தான் ஆனது. கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தோம். கடல் எண்ணெய் ஊற்றியது போல வழவழவென்று இருந்தது. நான் கப்பலை ஓட்டுகிற அறையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன், கடல் வரைபடம் விரிக்கிற மேசை மேல் வைத்த டீ கிளாஸ் ஆள் தொடாமல் மெதுவாக அந்த ஓரத்துக்குப் போய், நின்று, திரும்பி வருகிறது. வெளியே எட்டிப் பார்த்தால் அலை என்று ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை. கப்பல் நீரோட்டத்துக்கு அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, கொடுத்து நின்றது, இந்த அலை பக்கவாட்டில் வந்து உருட்டியது. ஸ்வெல், அதாவது தூரத்திலிருந்து வரும் நீள அலை, ஓடுகிறது என்று கிளாஸைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

கரைக்குக் கிட்டே வரும்போதுதான் கதை மாறும். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே தரையைத் தொட ஆரம்பிக்கும். 6 விநாடி அலைக்கு அது 28 மீட்டர் ஆழம், 18 விநாடி அலைக்கு 250 மீட்டர். தரை பிடிக்கப் பிடிக்க முன்னால் போகிற அலை வேகம் குறையும், பின்னால் வருவது நெருக்கிக்கொண்டு வரும், தண்ணீர் மேலேதான் எழும்பியாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 1.4 மீட்டர், 6 விநாடி அலை உடையும்போது 1.6 மீட்டர்தான் இருக்கும். அதே 1.4 மீட்டர், 18 விநாடி அலை 2.5 மீட்டருக்கு எழும்பி உடையும். போனில் இரண்டுக்கும் ஒரே உயரம்தான் காட்டும்! இன்னொன்று, அந்த 1.4 என்பதே எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதைப்போல இருமடங்கு அலையும் நடுவில் ஒன்றிரண்டு வரும். முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டிருந்தால் அது அங்கேதான் உடையும், உங்கள் படகு நிற்கிற இடத்தில்.

எச்சரிக்கை ஏன் வரவில்லை என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வந்திருக்கும், வேறு இடத்தில். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கை பெரும்பாலும் காற்றை வைத்து வருவது. கள்ளக்கடல் எச்சரிக்கை ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கொடுப்பது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ‘எச்சரிக்கை இல்லை’ என்று கிளம்புகிற ஆட்கள் நிறைய. 2024 மே மாதம் அப்படி ஓர் எச்சரிக்கை நடப்பில் இருந்த நேரத்தில்தான், 6ஆம் தேதி காலை, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள், பாவம். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு அது, ஓதமும், அதாவது கடல் ஏற்றமும், கூடுகிற சமயம்.

போனை எப்படிப் பார்ப்பது என்றால், எனக்கு உயரத்தைவிட விநாடி எப்படி மாறுகிறது என்பதுதான் முக்கியம். நேற்று 9 விநாடி, இன்று திடீரென்று 18, உயரம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்றால் அந்த அலைக்கூட்டத்தின் வால் பக்கம் இன்னும் வரவே இல்லை என்று அர்த்தம். நீள அலை வேகமாக ஓடும், அதனால் அதுதான் முந்தி வந்து சேரும். அதே புயலின் 12 விநாடி அலை வர எட்டு நாள் ஆகும். அப்புறம் 18, 16, 14 என்று நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். உயரம் உச்சத்துக்குப் போவது நடுவில்தான். ஆக முதல் நாள் 18ஐப் பார்த்துவிட்டு “ஒன்றும் பெரிதாக இல்லையே” என்று போகிறவர்தான் மறுநாள் மாட்டுவார்.

கடலில் இருக்கும்போதே வந்துவிட்டால், முகத்துவாரத்துக்கு வெளியே ஆழத்தில் நின்றுகொள்ளுங்கள். மீன் கெட்டுப்போகும், ஏலம் போய்விடும் என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். கால் மணி நேரமாவது பாருங்கள். இந்த அலை கூட்டம் கூட்டமாக வரும், நாலைந்து பெரிய திரை, பிறகு கொஞ்சம் அமைதி. ஒரு கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், இரண்டு மூன்று கூட்டம் போகட்டும். படகை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று நான் சொல்ல மாட்டேன், நான் கப்பல்காரன், அது அப்பாவுக்குத் தெரியும்.

ஆப்பை அழித்துவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நாளைக்குக் காலையில் அப்பா எண்ணும்போது போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். ஒரு திரை உச்சியில் ஆரம்பித்துப் பதினோராவது உச்சியில் நிறுத்தி, பத்தால் வகுங்கள். தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, அதன் முனையில் நின்று எண்ணினால் நல்லது, கரையில் நுரை குழப்பும். வந்த எண்ணை ஆப்போடு ஒப்பிட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள், அப்பா எத்தனை சொன்னார் என்பதையும் சேர்த்து.