விடுதலை ஜெபத்துக்குப் பிறகும் பழைய பாவம் ஏன் திரும்ப வருது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஒரு தம்பி கேட்டிருக்கார், வாசிக்கிறேன். "ஐயா, நான் இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்துட்டேன். ஆனா ராத்திரியில மொபைல்ல அசுத்தமானதைப் பார்க்கிற பழக்கம் போகலை. மூணு தடவை விடுதலை ஜெபத்துக்கு, அதாவது அசுத்த ஆவியைத் துரத்துற ஜெபத்துக்கு, போனேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் நல்லா இருக்கும், அப்புறம் பழைய கதைதான். எனக்குள்ள இன்னும் ஏதாவது ஆவி இருக்கா? மறுபடியும் போகணுமா?"

இந்த "மறுபடியும்" இருக்கு பாருங்க, அதுதான் என் மனசை ரொம்ப உறுத்திச்சு. எத்தனை பிள்ளைங்க இந்தச் சுற்றுல மாட்டிக்கிட்டு, கடைசியில "எனக்கு இரட்சிப்பே இல்லை போல"ன்னு சோர்ந்து போறாங்க!

பிசாசின் பிடியில இருக்கிறவனுக்கு இயேசுவின் நாமத்தில விடுதலை உண்டு. அதை நான் ஒருநாளும் குறைச்சுப் பேசமாட்டேன். ஆனா எபேசு சபையைக் கொஞ்சம் பாருங்க. அப்போஸ்தலர் 19-ல மாயவித்தை பண்ணினவங்க தங்க புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னாடியும் எரிக்கிறாங்க. விலை போட்டுப் பார்த்தா 50,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஏறக்குறைய ஒரு நாள் கூலின்னு வச்சுக்கோங்க, எவ்வளவு பெரிய விடுதலை! அதே சபைக்கு சில வருஷம் கழிச்சு பவுல் சிறையிலிருந்து என்ன எழுதறார்? பொய்யைக் களையுங்க, திருடுகிறவன் இனித் திருடாம இருக்கட்டும், கோபத்தோட பொழுது அஸ்தமிக்க விடாதீங்க. அவ்வளவு பெரிய விடுதலையைப் பார்த்த சபைக்கே இதெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. "மறுபடியும் ஏதாவது எரிங்க"ன்னு பவுல் சொல்லலை, அதைக் கவனிங்க.

அந்த நிருபத்துல எபேசியர் 4:28. நம்ம செய்திகளைத் தொடர்ந்து கேட்கிறவங்களுக்கு இந்த வசனம் பழக்கம்தான், ஆனாலும் நான் விடமாட்டேன். திருடனுக்கு அங்க மூணு காரியம் சொல்லியிருக்கு. திருட்டை நிறுத்தணும். அதே கையால நலமான வேலை செய்யணும். சம்பாதிச்சதுல இல்லாதவனுக்குக் கொடுக்கணும். நிறுத்தினதோட முடிஞ்சுபோச்சுன்னா அவன் யாரு? இன்னைக்குத் திருடாத திருடன், அவ்வளவுதான். எடுத்துப் பழகின கை கொடுக்க ஆரம்பிக்கும்போதுதான் மறுரூபம் நடக்குது.

மத்தேயு 12-ல ஆண்டவர் சொன்னதும் இதுதானே? அசுத்த ஆவி போயிடுச்சு, வீடு பெருக்கி ஜோடிச்சு இருக்கு, ஆனா வெறுமையா இருக்கு. போன ஆவி தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கிட்டு வருது. தம்பி மூணு தடவை வீட்டைப் பெருக்கியிருக்கார். உள்ளே நல்லதைக் குடிவைக்கலை.

சரி, எப்படிக் குடிவைக்கிறது? முதல்ல, எங்க விழுறோம்னு பின்னாடி போய்ப் பார்க்கணும். 2 சாமுவேல் 11-ஐ எடுங்க. தாவீது பத்சேபாளிடத்துல விழுந்தது நாலாம் வசனம். ஆனா முதல் வசனத்திலேயே, ராஜாக்கள் யுத்தத்துக்குப் போற காலத்துல அவன் எருசலேம்ல இருந்துட்டான்னு எழுதியிருக்கு. இரண்டாம் வசனத்துல சாயங்காலம் உப்பரிகையில உலாவறான், பார்க்கிறான். மூணாம் வசனத்துல ஆள் விட்டு விசாரிக்கிறான். "அவள் உரியாவின் மனைவி"ன்னு பதிலும் வருது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்! அதுக்கப்புறம்தான் ஆள் அனுப்பி அழைச்சுக்கிட்டு வரச் சொல்றான். நாலாம் வசனத்துல நின்னுக்கிட்டு ஜெயிக்கிறது ரொம்பக் கஷ்டம். முதல் வசனத்துல சுலபம்.

தம்பிக்கு முதல் வசனம் எது? பெரும்பாலும் தனிமை, களைப்பு, தூக்கம் வராத நேரம், படுக்கையில கைக்கு எட்டுற மொபைல். அப்போ மொபைல் படுக்குற அறைக்குள்ள வரக்கூடாது. சார்ஜ் வேற அறையில போடுங்க. அலாரத்துக்கு வேணும்னா தனியா ஒரு கடிகாரம் வச்சுக்கோங்க. "எடுத்தாலும் பார்க்கமாட்டேன்"னு பொருத்தனை பண்ணாதீங்க. அந்தப் பொருத்தனைதான் முதல்ல உடையும்.

அந்த நேரம் காலியாயிடுச்சு, இப்போ அதை நிரப்பணும். படுக்கப் போகுமுன் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிங்க. பிறகு மத்தவங்க பேரைச் சொல்லி ஜெபியுங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இந்தப் பாவம் மனுஷரை உபயோகிக்கிற பொருளாப் பார்க்கப் பழக்குது. பேர் சொல்லி அவங்களுக்காக மன்றாடும்போது அதுக்கு நேர் எதிரானதை மனசு கத்துக்குது. திருடன் கைக்குப் பவுல் சொன்னதை நாம கண்ணுக்குச் செய்யறோம்.

மூணாவது, யாக்கோபு 5:16. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கன்னு சொல்லுது. அதனால இதை ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. ஆணா இருந்தா ஆண்கிட்ட, பெண்ணா இருந்தா பெண்கிட்ட, விசுவாசத்துல முதிர்ந்தவரா, வாயைக் காக்கிறவரா பார்த்துச் சொல்லுங்க. சபை முன்னாடி சாட்சி சொல்ல அவசரப்படாதீங்க. அவர் வாரத்துக்கு ஒரு தரம் "இந்த வாரம் பார்த்தியா, மொபைல் எங்க இருந்துச்சு"ன்னு நேராக் கேட்கணும். "ஆவிக்குரிய வாழ்க்கை எப்படி இருக்கு"ன்னு கேட்டா "நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம்.

இதெல்லாம் சுயபலமான்னு சிலர் கேட்பீங்க. ரோமர் 8:13 "ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை அழித்தால் பிழைப்பீர்கள்"னு சொல்லுது. பலம் ஆவியானவருடையது, மொபைலை எடுத்து வேற அறையில வைக்கிற கை நம்முடையது.

விழுந்துட்டா? அந்த நிமிஷமே 1 யோவான் 1:9: பாவங்களை அறிக்கையிட்டா தேவன் மன்னிக்கிறார். நிறைய பேர் ரெண்டு நாள் ஜெபிக்காம, வேதத்தைத் தொடாம, தங்களைத் தாங்களே தண்டிச்சுக்கிறாங்க. அந்த ரெண்டு நாள்தான் அடுத்த விழுகை. தேவனிடத்துல அறிக்கை பண்ணுங்க, வாரந்தோறும் கேட்கிற அந்த முதிர்ந்தவருக்கும் சொல்லுங்க, அன்னைக்கு ராத்திரி சங்கீதத்தை வாசிங்க.

தம்பி, நீங்க இன்னொண்ணு கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும்: "எதுக்காக என்னை விடுதலையாக்கினார்?" கலாத்தியர் 5:13 சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டீங்கன்னு சொல்லிட்டு, உடனே அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கன்னு சொல்லுது. அதனால, உங்க சபையில நோயாளிகளைப் பார்க்கப் போறவங்க, ஞாயிறு பள்ளிக்கு உதவி பண்றவங்க யாராவது இருப்பாங்க. முழு வெற்றி வந்த பிறகு வரேன்னு தள்ளிப்போடாம, அவங்ககூட நாற்காலி எடுத்துப் போடுற வேலையாவது இந்த வாரமே கேட்டு வாங்கிக்கோங்க.