அலி ஹம்தோன் கடையும் ஹில்வி கேட்ட நிலமும்

அனைவருக்கும் வணக்கம். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன ஒரு லெபனான் குடும்பத்தைப் பற்றி இன்று பேசப் போகிறேன். கனடாவின் வடக்கே கடை நடத்திய அலி ஹம்தோன், அவருடைய மனைவி ஹில்வி.

அலி கிளம்பிய காலத்தில் லெபனான் தனி நாடு அல்ல, துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அதனால் அங்கிருந்து போனவர்களைக் கனடாவில் ‘சிரியர்’, ‘துருக்கியர்’ என்றே பதிவு செய்தார்கள். பலர் முதலில் ஊசி, நூல், துணி என்று மூட்டை சுமந்து வீடு வீடாக விற்றவர்கள். அப்புறம்தான் கடை.

ஹம்தோன் வியாபாரம் செய்த ஊர் ஃபோர்ட் சிப்பேவயன். 1788-இல் ரோமத்தோல் வணிகத்துக்காகவே உருவான ஏரிக்கரை ஊர். இன்றைக்கும் சாலை வழியாகப் போகக் குளிர்காலப் பனிச்சாலை ஒன்றுதான். இந்தத் தொழிலில் வேட்டைக்காரர் குளிருக்கு முன்பு வந்து மாவும் தேயிலையும் தோட்டாவும் வாங்குவார். கையில் காசு இருக்காது. நோட்டில் பற்று எழுதிக்கொண்டு அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. பனி உருகி, பீவர் தோலும் நரித்தோலுமாக அவர் திரும்பி வந்தால்தான் கணக்கு நேராகும். ஆளை நம்பாமல் அங்கே ஒரு நாள்கூடக் கடை திறக்க முடியாது.

பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று குடும்பம் எட்மன்டனுக்கு வந்தது. அங்கே முஸ்லிம்களுக்குத் தொழ ஒரு இடம் இல்லை. ஹில்வியும் மற்றப் பெண்களும் மேயர் ஜான் ஃப்ரையிடமே போய்ப் பள்ளிவாசல் கட்ட நிலம் கேட்டார்கள். பணத்துக்கு, ஜாஸ்பர் அவென்யூவில் கடை கடையாக ஏறினார்கள். கிறிஸ்தவர், யூதர் என்று யாரையும் விடவில்லை. அந்தத் துணிச்சல் கடைக்கார வீட்டிலிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன். கட்டியவர் உக்ரைன் வம்சாவளி. அவருக்குக் கைவந்தது தேவாலயம். அதனால்தான் அல் ரஷீத் பள்ளிவாசலில் தேவாலயச் சாயல் தெரியும். கனடாவின் முதல் பள்ளிவாசலான அது 1938 டிசம்பரில் திறக்கப்பட்டது. குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த அப்துல்லா யூசுப் அலி நேரில் வந்திருந்தார்.

1980-களில் மருத்துவமனை விரிவாக்கத்துக்காக அந்தக் கட்டடம் இடிபடும் நிலை வந்தபோது, மீண்டும் பெண்கள்தான் முன்னே நின்றார்கள். கட்டடத்தையே பெயர்த்து ஃபோர்ட் எட்மன்டன் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே நிற்கிறது. 2017-இல் எட்மன்டனில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக வடக்கிலிருந்து இறங்கி வந்த அந்த அம்மாவின் பெயர்தான் அதன் வாசலில் இருக்கிறது: ஹில்வி ஹம்தோன்.