ஒரு பிட்டை மாற்றிப் பாருங்கள்

மாணவ நண்பர்களே, வணக்கம்.

செய்தியோடு சில சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்து அனுப்பி, வழியில் நேரும் பிழைகளைத் திருத்துவதே பிழை திருத்தும் குறிமுறை. அப்படி அனுப்பப்படும் ஒவ்வொரு பிட் வரிசையும் ஒரு குறிச்சொல். அவற்றில் எளியதான ஹாமிங் குறிமுறையைக் கரும்பலகையிலேயே முடித்துவிடலாம். 7 பிட்டில் 4 பிட் செய்தி, மொத்தம் 16 குறிச்சொற்கள். கோலே குறிமுறைக்கு வந்தால் பலகை போதாது. 24 பிட், அதில் 12 செய்தி, 4096 குறிச்சொற்கள். வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனிக் கோள்களின் வண்ணப் படங்களை இந்தக் குறிமுறையில்தான் அனுப்பின. இதன் மிகச்சிறு தொலைவு, அதாவது எந்த இரு குறிச்சொற்களும் குறைந்தது வேறுபடும் இடங்களின் எண்ணிக்கை, 8 என்று எல்லோரும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த எட்டு எப்படிப்பட்டது என்பதைக் கணினியில் தொட்டுப் பார்க்கலாம்.

கேப் என்ற இலவசக் கணித மென்பொருளில் குவாவா என்றொரு தொகுப்பு உண்டு. நேரியல் குறிமுறைகளை, அதாவது இரு குறிச்சொற்களைக் கூட்டினாலும் குறிச்சொல்லே கிடைக்கும் குறிமுறைகளை, ஆராய்வதுதான் அதன் வேலை. ஒரு சொல்லில் உள்ள 1-களின் எண்ணிக்கையே அதன் எடை; நேரியல் குறிமுறையில், பூச்சியச் சொல் தவிர்த்த மிகச் சிறிய எடையே மிகச்சிறு தொலைவு. கோலே குறிமுறையை உருவாக்கும் 12 நிரை, 24 நிரல் கொண்ட அணியைக் கொடுத்து (அதன் நிரைகளைக் கூட்டினால் குறிச்சொற்கள் கிடைக்கும்), எந்த எடையில் எத்தனை சொற்கள் என்ற எடைப் பரவலைக் கேளுங்கள். எடை 8-இல் 759 சொற்கள், 12-இல் 2576, 16-இல் மறுபடி 759. இவை தவிர பூச்சியச் சொல் ஒன்று, முழுக்க 1 ஆன சொல் ஒன்று. இடையில் வேறெதுவும் இல்லை. இந்த ஒழுங்கை முதன்முறை பார்க்கிறவருக்கு மனம் நிறையாமல் இருக்காது.

இப்போது அணியில் கை வையுங்கள். செய்தி பிட்டுகள் முன்னால் இருக்கும்படி அணியை எழுதி, ஒரே ஒரு நிரையில், சரிபார்ப்புப் பகுதியில், ஒரு பிட்டை மட்டும் மாற்றுங்கள். திரும்பக் கேட்டால் எடை 7-இல் 77 சொற்கள் முளைத்திருக்கும்! எடை 8-இல் 506தான் மிச்சம். 176 சொற்கள் ஒன்பதுக்குப் போய்விட்டன. ஏன் 77? அந்த நிரைக்குரிய செய்தி பிட், நாம் மாற்றிய இடத்து பிட், இரண்டுமே 1 ஆக இருந்த எடை 8 சொற்கள் அத்தனைதான். அவை ஆளுக்கு ஒரு 1-ஐ இழந்தன.

மிகச்சிறு தொலைவு 7 ஆகிவிட்டது. 3 பிழைகளை இப்போதும் திருத்தலாம். ஆனால் 4 பிழை வந்தால், முன்பு "பிழை இருக்கிறது, திருத்த முடியவில்லை" என்று கண்டுகொள்ள முடிந்தது. இப்போது சில சமயம் வேறொரு சொல்லுக்குச் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்துவிடும். தப்பான செய்தி சரியானதுபோல் வந்து நிற்பது எவ்வளவு ஆபத்து!

பெரிய குறிமுறைகளில் எல்லாச் சொற்களையும் ஒவ்வொன்றாக எண்ணுவது பெரும்பாடு. 72 பிட்டில் 36 செய்தி என்றால் 6871 கோடிக்கும் மேல். மிகச்சிறு தொலைவைக் காண்பது என்பி-கடினம் (எல்லாக் குறிமுறைகளுக்கும் பொருந்தும் விரைவான வழி இருக்காது என்று நம்பப்படும் வகை) என்று 1997-இல் அலெக்சாண்டர் வார்டி நிறுவினார். ஆனாலும் அதைத் தேடும் ப்ரவர்–ஜிம்மர்மான் முறை சாமர்த்தியமானது. அந்த 72 பிட்டின் முன்பாதி, பின்பாதி இரண்டுமே செய்தி இடங்களாக அமையுமானால், செய்தி முன்னால் வரும்படி ஒன்று, பின்னால் வரும்படி ஒன்று என இரண்டு அணிகளை எழுதி, ஒவ்வொன்றிலும் 6 நிரைகள் வரை சேர்த்துப் பார்ப்போம்; சுமார் 48 லட்சம் சேர்க்கைகள். அதில் அகப்படாத சொல்லுக்கு இரு பாதியிலும் குறைந்தது ஏழேழு 1 இருந்தாக வேண்டும். ஆகவே பார்த்ததில் மிகச் சிறிய எடை 14 என்றால், தொலைவு 14 என்று நிரூபணத்தோடு நிறுத்தலாம். பாதியில் நிறுத்த நேர்ந்தாலும், அதுவரை கிடைத்த கீழ் எல்லையும் மேல் எல்லையும் நிரூபிக்கப்பட்டவை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.