கணக்கெடுப்பில் விடுபட்ட கரை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்; அஸ்ஸலாமு அலைக்கும்.

ஓமோன்களோடும், உடம்பு உணவைப் பயன்படுத்தும் முறையான அனுசேபத்தோடும் தொடர்புடைய நோய்கள் பற்றிய மருத்துவ ஆய்வுகளைக் குறித்துப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, எங்கிருந்து தொடங்குவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. இலங்கையில் நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வைத்தியர்களான நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த விடை, 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஒரு கணக்கெடுப்பிலிருந்து பெறப்பட்டது. 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நோயுள்ளவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல், தமக்கு அது இருப்பதையே அறியாதிருந்தார்கள். மிகுந்த கவனத்துடன் செய்யப்பட்ட வேலை அது. ஆனால் ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அது நடந்தது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அதாவது, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கிளினிக்குக்கு வந்தவர்களிடம் நாங்கள் எடுத்துச் சொன்ன இலங்கைக் கணக்கில், அவர்களுடைய ஊர்களிலிருந்து ஒரு துளி இரத்தமும் சேர்ந்திருக்கவில்லை.

யாரிடம் கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டு ஓர் ஆய்வின் விடையை மட்டும் வாசிப்பது, விலாசம் இல்லாத கடிதத்தை வாசிப்பது போன்றது. இதற்கு நல்ல உதாரணம் நீரிழிவைத் தடுப்பது பற்றிய ஆய்வுகள். இரத்தத்தில் சீனி சற்றே உயர்ந்து, ஆனால் நோய் என்று சொல்லும் எல்லையை எட்டாதிருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியவர்களில் நீரிழிவு வருவது 58 சதவீதத்தாலும், சீனியைக் குறைக்கும் மெற்ஃபோமின் குளிசை எடுத்தவர்களில் 31 சதவீதத்தாலும் குறைந்தது. உலகமே கொண்டாடிய முடிவு அது. எனினும் அங்கு சேர்ந்தவர்களின் சராசரி உடல் திணிவுச் சுட்டி, அதாவது உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் எண், 34. நல்ல பருத்த உடம்புக்காரர்கள். மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் வேலை செய்கிறவர்களுள் அப்படியொருவரை நான் கண்டதில்லை.

இதே கேள்வியைச் சென்னையில் 531 பேரிடம் கேட்ட ஆய்வு 2006இல் வெளியானது. அவர்களுடைய உடல் திணிவுச் சுட்டி சராசரியாக 26ஐக்கூட எட்டவில்லை. அப்படியிருந்தும், வழக்கமான ஆலோசனையை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதமானோர் மூன்று ஆண்டுகளுக்குள் நீரிழிவு நோயாளராகிவிட்டார்கள். வாழ்க்கை முறையை மாற்றியதால் அந்த ஆபத்து 28.5 சதவீதத்தாலும், மெற்ஃபோமினால் 26.4 சதவீதத்தாலும் குறைந்தது. இரண்டையும் ஒன்றாகச் செய்ததால் மேலதிகப் பயன் எதுவும் கிடைக்கவில்லை. இதில் என்னைக் கவர்ந்த விடயம் வேறு. அமெரிக்காவில் தினமும் இரண்டு வேளை 850 மில்லிகிராம் கொடுத்தார்கள். சென்னையில் 250 மில்லிகிராம்தான், அதுவும் இரண்டு வேளை. மூன்றிலொரு பங்கும் இல்லாத அளவு. மெலிந்த தோற்றத்தோடு இருந்தும் விரைவாக நோய்க்குள் விழுகின்ற உடம்பு எங்களுடையது என்பதும், சிறிய அளவு மருந்துக்கே அது அசைந்துகொடுக்கக்கூடும் என்பதும் எங்களைப் போன்றவர்களைக் கேட்டதனால்தான் தெரியவந்தன. எங்களுக்கு வயிற்றினுள்ளே, குடலைச் சுற்றியே கொழுப்பு சேர்கிறது. ஆகவேதான் தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே கவனம் தேவை என்கிறார்கள். 'மெலிந்த ஆளுக்குச் சீனி வருத்தம் வராது' என்று சந்தையில் சொல்லப்படுவதை இனி யாரும் நம்ப வேண்டாம்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று நேயர்களுக்காக இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் றமழான் நோன்பு பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை 13 நாடுகளில் 12,243 பேரிடம் விசாரித்து, 2004இல் வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் மாதத்தில் பாதி நாட்களாவது நோன்பு பிடித்திருந்தார்கள். அவர்களிடையே சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது மற்றைய மாதங்களைவிட ஏழரை மடங்காக இருந்தது. 'நோன்பு பிடிக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டு வைத்தியர் கடமை முடிந்ததென்று இருந்த காலத்தை முடித்துவைத்தது அந்த ஆய்வு. மக்கள் எப்படியும் பிடிக்கிறார்கள். ஆகவே விடியுமுன் உண்ணும் ஸஹருக்கு எந்தக் குளிசை, நோன்பு திறக்கும்போது எந்தக் குளிசை என்று றமழானுக்கு ஓரிரு மாதங்கள் முன்னரே வைத்தியரோடு பேசித் தீர்மானிப்பதுதான் வழி. தாமாகவே மருந்தை நிறுத்துவது வழியன்று.

இனி, அளப்பது பற்றி. நான் பயிற்சி முடித்து வந்த புதிதில், வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். விடியுமுன் எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தவர். வெறும் வயிற்றுச் சீனி 168 என்று ஆய்வுகூடத் துண்டில் இருந்தது. 126இலிருந்து நீரிழிவு என்பது எல்லை. நானும் அவருடைய கொப்பியில் அப்படியே எழுதுவதற்குப் பேனையை எடுத்துவிட்டேன். அருகில் நின்ற தாதி உத்தியோகத்தர்தான், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். 'ஒண்டும் சாப்பிடல்ல புள்ள, வெறும் பிளேன்ரீதான். அதுக்கும் சீனி போடல்ல, ஒரு துண்டு சக்கரையக் கடிச்சிக் குடிச்சன்' என்றார் அந்த அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் சாப்பாடு என்றால் சோறு. தேத்தண்ணி அதில் சேராது. எட்டு மணித்தியாலத்துக்குத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது என்று விளங்கும்படி சொல்லாமல், 'வெறும் வயிற்றோடு வாருங்கள்' என்று மட்டும் சொல்லியனுப்பியது எங்களுடைய பிழை. நோய் அறிகுறி இல்லாத ஒருவருக்கு ஒரேயொரு துண்டை வைத்து முடிவு கட்டப் பார்த்தது என்னுடைய பிழை. ஐயாயிரம் பேரைச் சோதிக்கும் ஓர் ஆய்வில் இந்தத் தேத்தண்ணியை யாரும் கேட்காமல் விட்டால், அது எண்ணாக மாறிப் புத்தகத்துக்குள் போய்விடும்.

இந்தத் தொல்லை இல்லாத பரிசோதனையும் உண்டு. செங்குழியங்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கின்றன. அவற்றினுள் இருக்கும் ஈமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோசு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். எச்பி-ஏ-வன்-சீ என்று உங்கள் கொப்பிகளில் எழுதப்படுவது அதுதான், 6.5 சதவீதம் அதன் எல்லை. சாப்பிட்டுவிட்டும் செய்யலாம். ஆயினும் இரும்புச்சத்துக் குறைவால் குருதிச்சோகை உள்ள பெண்ணுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். செங்குழியங்கள் விரைவில் அழியும் நோய்களில் குறைவாகக் காட்டும்.

நியாயமாகத் தோன்றுவதெல்லாம் சோதனையில் நிலைத்துவிடுவதுமில்லை. நீரிழிவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம் போன்றவற்றில் வரும் பாதிப்புகள் 25 சதவீதத்தால் குறைகின்றன என்று பிரித்தானியாவில் நடந்த நீண்ட ஆய்வு 1998இல் காட்டியிருந்தது. அப்படியானால் இன்னும் இறுக்கினால் இன்னும் நல்லதுதானே? அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை, பல ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்து இருதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ளவர்களை, சேர்த்து இதைச் சோதித்தார்கள். ஒரு பாதியினரின் எச்பி-ஏ-வன்-சீயை 6 சதவீதத்துக்குக் கீழே இறக்க முயன்றார்கள். 2008 பெப்ரவரியில் அந்தப் பகுதியை நடுவிலேயே நிறுத்த வேண்டிவந்தது. இறுக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 257 பேரும் மற்றக் குழுவில் 203 பேரும் இறந்திருந்தார்கள். என் மேசைக்கு வரும் எழுபது வயது இருதய நோயாளருக்கு நான் ஏன் சீனியை அளவுக்கு மீறி இறக்குவதில்லை என்று அவருடைய பிள்ளைகள் கேட்கும்போது, இந்த எண்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன.

மக்களைக் காத்துக்கொண்டே இப்படிச் சோதிப்பதற்கு விதிகள் இருக்கின்றன. 1964இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்ட பிரகடனத்தை அடியொற்றி, எந்த ஆய்வும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு ஒன்றின் அனுமதியைப் பெற வேண்டும். சேர்ந்தவர் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினாலும் அவருக்குரிய வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. இலங்கையில் நடக்கும் சிகிச்சைச் சோதனைகளைப் பதிவதற்கு 2006 முதல் ஒரு பதிவேடும் உண்டு, யாரும் பார்க்கலாம். ஆனால் விதி எவ்வளவு நல்லதாயினும், அது நோயாளரை வந்தடைவது ஒரு சம்மதப் படிவமாகத்தான். அந்தப் படிவத்தின் தமிழைப் பார்த்து நான் பலமுறை வெட்கப்பட்டிருக்கிறேன்.

ஒருமுறை திருக்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர், 'நீங்கள் எழுமாற்றாகக் குழுக்களில் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள்' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: 'இதென்ன மனே, எழுமாற்று எண்டு கிடக்கு? என்னத்த மாத்தப் போறீங்க?' எதையும் மாற்றுவதில்லை ஐயா, கோயிலில் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது போல, யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கித் தீர்மானிப்பதுதான் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். 'அப்ப ரெண்டில எது நல்லதெண்டு உங்களுக்கே தெரியாதோ?'

தெரியாது ஐயா, தெரிந்திருந்தால் குலுக்க வேண்டிய தேவையே இல்லை என்றேன். ஆய்வு முறை பற்றி நான் படித்த பாடத்தின் நடுவிடம் அந்தக் கேள்விதான்; அதை அவர் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார். கையொப்பம் இடவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'மகளுக்கிட்ட வாசிக்கக் குடுக்கிறன். வெள்ளாமை வெட்டு முடியட்டும், வந்து சொல்றன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.